எம்ஜிபி காரின் சஸ்பென்சன் புஷ்கள்

சஸ்பென்சன் புஷ் என்பது, வண்டியின் சக்கரங்களைத் தாங்கும் கைகளும் விற்களும் உடற்கூட்டுடன் இணையும் மூட்டுகளில் பொருத்தப்படும் சிறிய நெகிழ் உருளை ஆகும். மூட்டு அசைவதற்கு இடமளித்தல், சாலையின் அதிர்வைத் தணித்தல், சக்கரத்தை உரிய கோணத்தில் நிறுத்திவைத்தல் ஆகிய மூன்று வேலைகளை இது ஒருங்கே செய்கின்றது. முதல் இரண்டுக்கும் நெகிழ்வான பொருள் வேண்டும். மூன்றாவதற்கு விறைப்பான பொருள் வேண்டும். எனவே எந்தப் புஷ்ஷும் ஒரு சமரசமே. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்போரிடையே கடினமான பொருளே சிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், மூட்டு எத்திசைகளில் அசைகின்றது என்பதே பொருளைத் தீர்மானிக்க வேண்டும். பிரித்தானியாவின் எம்ஜிபி கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

எம்ஜிபியின் அமைப்பு

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்பனையானதால், இதற்கான உதிரிப் பாகங்கள் இன்றும் பல பொருள்களில் கிடைக்கின்றன.

முன்புறத்தில் ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுருள்வில்லால் தாங்கப்படுகின்றது. கீழே விஷ்போன் எனப்படும் கவை வடிவக் கை உள்ளது. மேலே தனியான கை இல்லை. நெம்புகோல் வகை அதிர்வுத் தணிப்பியின் கைகளே அவ்வேலையையும் செய்கின்றன. அத்தணிப்பி குறுக்குச் சட்டத்தின் மீது நேரடியாக மறையாணிகளால் இறுக்கப்பட்டது. ஆகவே முன்சக்கரத்தின் நிலையில் ஏற்படும் தளர்வு பெரும்பாலும் விஷ்போனின் உள்முனைப் புஷ்களிலிருந்தே வருகின்றது. விஷ்போனின் வெளிமுனையில் இருப்பது உலோகத்தின் மேல் உலோகம் சுழலும் மூட்டு. அதற்கு வேண்டியது கிரீஸ் மட்டுமே. இதை மறந்து உள்முனைப் புஷ்களை மட்டும் மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று வியப்போர் உண்டு.

பின்புறத்தில் அச்சு முழுவதும் ஒரே துண்டாக, இரு பட்டை விற்களின் மீது அமர்ந்துள்ளது. அச்சை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பிடித்துவைக்க வேறு தண்டுகள் இல்லை. லீஃப் ஸ்பிரிங் எனப்படும் இப்பட்டை விற்களே அனைத்தையும் செய்கின்றன.

இயற்கை ரப்பர்

தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை ரப்பர் புஷ்கள். ரப்பரின் தனிச்சிறப்பு, உராயாமலேயே அசைவுக்கு இடமளிப்பதாகும். இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே பிடிக்கப்பட்ட ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கப்படுகின்றது. எனவே அதற்கு உயவிடுதல் தேவையில்லை. தூசியும் நீரும் உட்புக வழியில்லை. அது எல்லாத் திசைகளிலும் சிறிது வளைந்து கொடுக்கும். அதன் பகைவை கனிம எண்ணெயும் ஓசோனும் வெப்பமும் ஆகும். எம்ஜிபியின் எஞ்சின் முன்புறக் குறுக்குச் சட்டத்துக்கு மேலே உள்ளது. அகவை முதிர்ந்த எஞ்சின்களில் எண்ணெய்க் கசிவு அரிதன்று. எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி, மென்மையாகி, பிதுங்கி வெளிவரும். தடை பிடிக்கும்போது எழும் தட்டொலி, நேராகச் செல்லாமல் அலையும் போக்கு, டயரின் ஓரத் தேய்மானம் ஆகியவை இதன் அறிகுறிகள். கசிவை நிறுத்தாமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

1973 முதல் 1976 வரை 3.5 லிட்டர் எஞ்சினுடன் எம்ஜிபி ஜிடி வி8 என்னும் வகை சிறிய எண்ணிக்கையில் வெளிவந்தது. அதன் விஷ்போன் புஷ் வேறுபட்டது. பிற வகைகளில் இருபுறமிருந்தும் செருகப்படும் இரு அரைத்துண்டுகளுக்குப் பதிலாக, நடுவில் உருக்குக் குழல் ஒட்டவைக்கப்பட்ட ஒரே துண்டு இதில் பயன்பட்டது. ரப்பர் எளிதில் வடிவம் மாறும். ஆனால் அதன் பருமன் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. ஆகவே மெல்லிய சுவராக அடைக்கப்பட்ட ரப்பர், ஆரத்திசையில் மிகவும் விறைப்பாகவும் முறுக்குத் திசையில் மென்மையாகவும் நடந்துகொள்ளும். விஷ்போனின் உள்முனைக்கு வேண்டியது இதுவே. அது ஏறக்குறைய ஒரே அச்சில் மட்டும் சுழலும் மூட்டு. சாதாரண எம்ஜிபியிலும் இப்புஷ் பொருந்துவதால், தெருவில் ஓட்டுவோருக்கு இதுவே மிகவும் பொருத்தமான தெரிவு எனலாம்.

பாலியூரித்தேன்

பாலியூரித்தேன் வேதியியலை 1937இல் செருமனியில் ஒட்டோ பேயரும் அவரது குழுவினரும் உருவாக்கினர். புஷ்களுக்குப் பயன்படும் வகைகளின் கடினத்தன்மை பெரும்பாலும் ஷோர் ஏ அளவில் 70 முதல் 95 வரை இருக்கும். எண்ணெயும் ஓசோனும் ரப்பரைப் பாதிக்கும் அளவுக்கு இதைப் பாதிப்பதில்லை. புஷ்களின் நிறம் கடினத்தன்மையைக் காட்டுவதாகக் கருதப்படுகின்றது. ஆனால் நிறங்களுக்குப் பொதுவான தரம் ஏதுமில்லை. ஒருவரின் சிவப்பு மற்றொருவரின் நீலமாக இருக்கக்கூடும்.

ஒட்டவைத்த ரப்பர் முறுக்கப்படும் இடத்தில், பாலியூரித்தேன் பெரும்பாலும் நடுக்குழலின் மீது வழுக்கிச் சுழல்கின்றது. ஆகவே அது உண்மையில் ஒரு தாங்கி. அதற்கு உயவு வேண்டும். சிலிக்கோன் கிரீஸ் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றது. மழைநீர் கிரீஸைக் கழுவி, தூசி உட்புகுந்ததும், பரப்பு ஒட்டியும் விடுபட்டும் நகரத் தொடங்கும். பலரும் குறைகூறும் கிறீச்சொலி இவ்வாறே எழுகின்றது. எஸ்தர் வகைப் பாலியூரித்தேன் நீரால் மெல்லச் சிதையும். ஈதர் வகை இதனை நன்கு தாங்கும்.

நைலான், அசிட்டல் போன்ற நெகிழிகள் இன்னும் கடினமானவை. டூப்பாண்ட் நிறுவனம் உருவாக்கிய டெல்ரின் அசிட்டல் வகையைச் சேர்ந்தது. இவற்றால் செய்த விஷ்போன் புஷ் ஓட்டப்பந்தயத்தில் ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும். தெருவில் சிறு கல்லும் கையில் தெரியும். எம்ஜிபியில் குறுக்குச் சட்டத்துக்கும் உடற்கூட்டுக்கும் இடையே ரப்பர் திண்டுகள் இருப்பதால், அதிர்வின் ஒரு பகுதி அங்கே தணியும்.

பட்டை வில்லின் முன்கண்

தவறான தெரிவு மிகுந்த தீங்கு விளைவிக்கக்கூடிய இடம் இதுவே. எஞ்சினின் உந்துவிசையும் தடைவிசையும் இக்கண்ணின் வழியாகவே உடற்கூட்டை அடைகின்றன. அதனால் இதனை விறைப்பாக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கார் வளைவில் சாயும்போது, உடற்கூட்டைச் சார்ந்து அச்சு சரிகின்றது; பட்டை வில் தன் நீளவாக்கில் முறுக்கப்படுகின்றது. முன்கண் ஆணியைச் சுற்றிச் சுழல்வது மட்டுமன்றி, பக்கவாட்டில் சாயவும் வேண்டும். ரப்பர் அதற்கு இடங்கொடுக்கும். கடின பாலியூரித்தேன் கொடுப்பதில்லை. அப்போது வில் சாய்வை எதிர்க்கத் தொடங்கும். பின்புறத்தின் சாய்வு விறைப்பு எதிர்பாராமல் உயர்ந்து, வளைவில் பின்சக்கரங்கள் முன்னதாகவே பிடிவிடும். தடுக்கப்பட்ட அசைவு மறைவதில்லை. அது வில்லின் கண்ணையும், அது மாட்டப்பட்ட தகட்டையும் வருத்துகின்றது. தனிச் சட்டகம் இல்லாத இக்காரில் அத்தகடு உடற்கூட்டின் பகுதியாகும். பழைய கார்களில் அவ்விடம் துருப்பிடிப்பதும் உண்டு. ஆகவே முன்கண்ணில் ஒட்டவைத்த ரப்பர் புஷ்ஷையே வைத்துக்கொள்வது நல்லது. வில்லின் பின்முனையில் உள்ள ஊசல் இணைப்பில் மிதமான கடினமுள்ள பாலியூரித்தேனைப் பயன்படுத்துவோர் உள்ளனர். அங்கே கேடு குறைவு.

பொருத்தும் முறை

புதிய ரப்பர் புஷ்ஷைச் செருகுவதற்குச் சோப்பு நீர் போதும். சாதாரண கிரீஸ் கூடாது. உருக்குக் குழலுள்ள ரப்பர் புஷ்களின் மரைகளைக் கார் தன் சக்கரங்களில் நின்று, வழக்கமான உயரத்தில் இருக்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையை அடையும். கார் சற்று உயரமாக நிற்கும். புஷ் விரைவில் கிழியும். வழுக்கிச் சுழலும் வகைப் பாலியூரித்தேனுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. விஷ்போன் மரைகளை இறுக்கியபின் பிளவூசியைப் புதிதாக இட வேண்டும். பழையதை மீண்டும் பயன்படுத்தலாகாது.