ஊசி உண்டா? "டோக்கன் தீர்ந்து போச்சு!"
பெரம்பலூர், அரியலூர் ஜனங்கள் கால் கடுக்க நின்ற கதை

ஊசி என்றால் ஓடி ஒளிந்த காலம் ஒன்று உண்டு. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றால் போதும். தாய்மார்கள் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் மறைத்து வைத்துவிடுவார்கள்.

2021-ம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் நடந்ததோ நேர்மாறு. விடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் வந்து நின்றார்கள். "எங்களுக்கு ஊசி போடுங்கள்" என்று நின்றார்கள். ஆனால் போடுவதற்கு மருந்து இல்லை!

மருந்து இருந்தது, ஆள் இல்லை

கொரோனா தடுப்பூசி நாடெங்கும் தொடங்கியது 2021 ஜனவரி 16-ந் தேதி. மார்ச்சு முதல் தேதி அறுபது வயது கடந்தவர்களுக்கும், ஏப்ரல் முதல் தேதி 45 வயது கடந்தவர்களுக்கும் கதவு திறந்தது. அப்போது மருந்து இருந்தது. ஆனால் வருவோர் குறைவு. ஏப்ரல் 17-ந் தேதி நடிகர் விவேக் காலமானார். இரண்டு நாள் முன்புதான் அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். கிராமத்து டீக்கடையில் அதை யார் கேட்டார்கள்?

பிறகு இரண்டாவது அலை வந்தது. தெருவுக்கு ஒரு சாவு என்ற நிலை வந்ததும் பயம் திசை மாறியது. நேற்று வரை ஊசிக்குப் பயந்தவர்கள், இன்று ஊசி கிடைக்காதோ என்று பயந்தார்கள்.

பத்துப் பேர் கணக்கு

கோவிஷீல்டு மருந்துக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆள் வராத நாளில், ஆறு பேருக்காகக் குப்பியைத் திறக்கலாமா என்று நர்ஸ் அம்மா தவித்தார். ஜூன் முதல் வாரத்தில் மாநிலம் முழுவதும் கையிருப்பு அநேகமாகத் தீர்ந்தபோதோ, இருக்கிற டோக்கனை யாருக்குக் கொடுப்பது என்று தவித்தார். திட்டு வாங்கியவரும் அவரே. மருந்து அனுப்பாதவர்கள் யாரும் வரிசைக்கு முன்னால் வந்து நிற்கவில்லையே!

மே 10-ந் தேதி முதல் ஊரடங்கு. பஸ் கிடையாது. வேப்பந்தட்டைப் பக்கத்துக் குக்கிராமத்தில் இருப்பவரும், ஆண்டிமடத்து முந்திரிக் காட்டுக்காரரும் இரவல் மோட்டார் சைக்கிளில்தான் வரவேண்டும். வந்தால், "டோக்கன் தீர்ந்து போச்சு அண்ணே, நாளைக்கு வாங்க!" நாளைக்கும் அதே பதில்.

பதினெட்டு வயதுக்காரர்களுக்கு மே முதல் தேதியிலிருந்து ஊசி என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. தமிழ்நாட்டில் அது மே 20-ந் தேதிதான் ஆரம்பமாயிற்று. அதற்குச் செல்போனில் பெயர் பதிய வேண்டும். அதுவும் முதலில் தமிழில் இல்லை. பணம் உள்ளவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஜூன் 8-ந் தேதி நிர்ணயித்த உச்ச விலை, கோவிஷீல்டுக்கு 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410 ரூபாய். வெங்காயம் நட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எட்டுமா?

விசா காத்திருக்குமா?

லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வேறொரு கவலை. அங்கிருந்து அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். லீவில் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு விசா தேதி நெருங்கியது. மே 13-ந் தேதி கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு 12 முதல் 16 வாரம் இடைவெளி என்று அறிவிப்பு வந்தது. அதுவரை முதலாளி காத்திருப்பாரா? வெளிநாடு போகிறவர்கள் 28 நாள் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற சலுகை ஜூன் 7-ந் தேதிதான் கிடைத்தது. கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார ஸ்தாபனம் அதை அங்கீகரித்தது நவம்பர் 3-ந் தேதி!

பூட்டிய தொழிற்சாலை

ஏன் இந்தப் பஞ்சம்? இத்தனை கோடி ஜனங்களும் அன்று நம்பியிருந்தது பெரும்பாலும் இரண்டே கம்பெனிகளை. ஒன்று புனாவில், மற்றொன்று ஐதராபாத்தில். சர்க்காருக்குச் சொந்தமான குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. கூடம், கசௌலி நிலையம் மூன்றிலும் 2008-ல் தடுப்பு மருந்து உற்பத்தியை நிறுத்தினார்கள்; 2010-ல் அந்தத் தடை நீங்கியது. அவை இந்த மருந்து செய்தவை அல்ல என்பது உண்மைதான். ஆனால் கைத்தேர்ச்சி என்பது ஒரு நாளில் வருவதா?

செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாய் செலவில் எழுந்த தடுப்பூசி வளாகம் ஒன்று இருந்தது. 2021 மே 25-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் அங்கே போய்ப் பார்த்தார். அங்கே உற்பத்தியே நடக்கவில்லை. மாநில சர்க்கார் மூன்றரைக் கோடி ஊசிக்கு உலக டெண்டர் விட்டது. ஒருவரும் முன்வரவில்லை.

ஜூன் 21-ந் தேதி முதல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மத்திய சர்க்காரே இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியது. மெள்ள மெள்ள மருந்து வந்தது. செப்டம்பர் 12-ந் தேதி மாநிலம் முழுவதும் மாபெரும் முகாம். 20 லட்சம் பேர் இலக்கு. போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் அதிகம்.

நவம்பரில் நாடெங்கும் வீடு வீடாகப் போய் ஊசி போடும் வேலை ஆரம்பித்தது. ஜூன் மாதம் ஜனங்களைத் திருப்பி அனுப்பிய நர்ஸ் அம்மாக்கள், ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வரப்புகளில் நடந்தார்கள். "ரெண்டாவது ஊசி போட்டாச்சா, பெரியம்மா?" என்பதுதான் அப்போது அவர்கள் கேட்ட கேள்வி.