சார்ஜருக்குத் தாங்கிய பிளக் பாயின்ட், ஹீட்டருக்குத் தாங்குமா? ஒரு நிமிடக் கணக்கு!

மார்கழிக் குளிர் தொடங்கியதும் பரணில் கிடக்கும் ஹீட்டர் ராடு கீழே இறங்கிவிடும். பக்கெட்டில் போட்டு, கைக்கு எட்டிய பிளக் பாயின்ட்டில் செருகிவிடுவோம். பிளக் பொருந்தவில்லையா? இருக்கவே இருக்கிறது கன்வெர்ட்டர் பிளக்! அந்த பாயின்ட் இந்த ராடைத் தாங்குமா என்பதை மட்டும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ள உங்கள் மொபைலில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்

மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தை வோல்ட்டிலும், ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை ஆம்பியரிலும், அதை எதிர்க்கும் தடையை ஓமிலும் அளக்கிறோம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இதுதான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன், அதாவது வாட்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ராடில் 1,500 வாட் என்று அச்சிட்டிருந்தால், 1,500-ஐ 230-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 6.5 ஆம்பியர். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் ராடின் மின்தடை சுமார் 35 ஓம்.

இனி பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். சின்ன பாயின்ட்டின் எல்லை 6 ஆம்பியர்; பெரியதற்கு 16. சின்ன பாயின்ட்டில் இந்த ராடைச் செருகினால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். கன்வெர்ட்டர் பிளக், பின்னைத்தான் பொருத்தும். பாயின்ட்டின் திறனைக் கூட்டாது.

'இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தது?'

சுவிட்ச் போர்டு உருகிய வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி இது. பல நேரங்களில் காரணம், லூஸ் கான்டாக்ட். தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே எழும் வெப்பத்தைக் கணக்கிட, ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, பிறகு தடையால் பெருக்க வேண்டும்.

0.1 ஆம்பியர் இழுக்கும் செல்போன் சார்ஜர்: 0.1 × 0.1 × 0.5 = 0.005 வாட். தொட்டாலும் சூடு தெரியாது.

6.5 ஆம்பியர் இழுக்கும் ராடு: 6.5 × 6.5 × 0.5 = சுமார் 21 வாட்.

ஈயத்தை உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அதே வெப்பம், உங்கள் பிளக் பாயின்ட்டுக்குள்! சார்ஜருக்குப் பல வருடங்கள் தாங்கிய அதே பாயின்ட், ராடுக்குச் சில நாளில் கருகுவது இதனால்தான். எம்.சி.பி-யும் இதில் காப்பாற்றாது. ஓட்டம் அளவுக்கு மீறினால்தான் அது டிரிப் ஆகும்; லூஸ் கான்டாக்ட்டில் ஓட்டம் கூடுவதில்லை.

என்ன செய்யலாம்?

* 1,000 வாட்டுக்கு மேற்பட்ட சாதனங்களைப் பெரிய பாயின்ட்டிலேயே செருகுங்கள்.

* எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பல சாதனங்கள் இருந்தால், எல்லா வாட்டையும் கூட்டி 230-ஆல் வகுங்கள். பாக்ஸில் அச்சிட்டுள்ள ஆம்பியரைத் தாண்டக் கூடாது.

* பிளக் ஆடினாலோ, பழுப்பேறினாலோ, பொசுங்கிய வாடை வந்தாலோ, அந்த பாயின்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்றைக்கே உங்கள் வீட்டு ராடு, கெட்டில், அயர்ன் பாக்ஸில் உள்ள வாட்டைப் பார்த்து, பிள்ளைகளையே 230-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். எதை எந்த பாயின்ட்டில் செருகலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.