வானத்திலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு?

நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் 2016 பிப்ரவரி 6 அன்று பலத்த சத்தத்துடன் ஏதோ வெடித்தது. பஸ் டிரைவர் ஒருவர் இறந்தார், மூவருக்குக் காயம். விழுந்தது விண்கல் என்று தமிழக அரசு அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள்.

எது காரணம் என்பதைப் பொறுத்தே உரிமையும் மாறும். விண்கல் என்றால் அரசு நிவாரணத்தைத்தான் நம்ப வேண்டும். வெடிபொருள் என்றால் அதை அஜாக்கிரதையாக வைத்திருந்தவர் மீது வழக்குப் போடலாம், இழப்பீடு கேட்கலாம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர வானில் நெருப்புக் கோடுகள் ஓடின. எரிகல் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் சந்திரபூர் மாவட்டத்தில் கிடைத்தது பெரிய உலோக வளையம். சீன ராக்கெட்டின் பாகமாக இருக்கலாம் என்றார்கள் வல்லுநர்கள். இப்படி விழுவதால் சேதம் வந்தால், 1972 சர்வதேச ஒப்பந்தப்படி ஏவிய நாடே பொறுப்பு. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. 1978இல் கனடாவில் விழுந்த காஸ்மோஸ் 954 செயற்கைக்கோளுக்காக சோவியத் யூனியன் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது.

வித்தியாசம் இதுதான்: எரிகல் சில விநாடிகளில் மறையும். ராக்கெட் பாகமோ மெதுவாக, துண்டு துண்டாக நகரும்.

எரிகல் வந்தால் நாம் அஞ்ச வேண்டியது கல்லுக்கு அல்ல, கண்ணாடிக்கு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே எரிகல் வெடித்தது. வெளிச்சத்தைப் பார்க்க மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலையில் கண்ணாடி சிதறியது. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர். ஒளி தெரிந்ததும் ஜன்னலை விட்டு விலகுங்கள்.

ஒளி தெரிந்த நேரம், திசை, எத்தனை விநாடி நீடித்தது என்பதைக் குறித்து வையுங்கள். விழுந்த பொருளைத் தொடாதீர்கள். ராக்கெட் பாகத்தில் நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம். படமெடுத்து 112க்கோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கோ சொல்லுங்கள். கல்லாக இருந்தால் விற்காதீர்கள்: இந்தியாவில் விழும் விண்கற்களின் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை.

காயம்பட்டால் மருத்துவமனைச் சீட்டு, போலீஸ் புகார் நகல், சேதத்தின் படங்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டு ராக்கெட் என்றால் 1972 ஒப்பந்தப்படி மத்திய அரசு வழியாகத்தான் கேட்க முடியும். அதற்கான கெடு ஓராண்டு.