கொடையாளர் இதய வால்வு: நீண்டகாலப் பயன்

பெங்களூரு அல்சூரில் வாழும் முப்பது வயதுத் தொழிலாளி ஒருவருக்குச் சில வாரங்களாகக் காய்ச்சல் நீடிக்கிறது எனக் கொள்வோம். சிறு வயதில் ரூமாட்டிக் காய்ச்சலால் பழுதுற்ற இதய வால்வில் இப்போது கிருமிகள் குடியேறியுள்ளன. மருந்துக்குக் கட்டுப்படாமல் வால்வு அரிக்கப்பட்டு, அதைச் சுற்றிச் சீழும் கட்டிவிட்டால் அறுவைச் சிகிச்சை இன்றியமையாததாகிறது. எந்த வால்வைப் பொருத்துவது என்னும் வினா அப்போது எழுகிறது.

இறந்தவரின் இதயத்திலிருந்து பெறும் மனித வால்வு ஒரு வழியாகும். 1962இல் லண்டனில் டொனால்டு ராஸும் ஆக்லாந்தில் பாரட்-பாய்ஸும் பெருந்தமனி வால்வின் இடத்தில் இதனைப் பொருத்தினர். வால்வுடன் இணைந்த தமனிப் பகுதியைக் கொண்டு, சீழால் சிதைந்த இடத்தையும் சீரமைக்க முடிகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை ஆயுள் முழுதும் உட்கொள்ளும் தேவையும் பொதுவாக இல்லை.

எனினும் இவ்வால்வு நிரந்தரமானதன்று. காலப்போக்கில் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அது இறுகுகிறது. அல்லது கசியத் தொடங்குகிறது. பத்து, இருபது ஆண்டுகளுக்குள் பலருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது. இளையோரிடம் இச்சீர்கேடு விரைவாக நேர்கிறது. மனித வால்வில் கிருமி மீண்டும் தொற்றாது என்று முன்னர் கருதப்பட்டது. ஆனால், நோயுற்ற திசுவை முற்றிலும் அகற்றுவதும் உரிய காலம் வரை மருந்து அளிப்பதுமே முதன்மையானவை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற செயற்கை வால்வுகள் நெடுநாள் உழைப்பவை. ஆயினும் அவற்றைப் பெற்றோர் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தையும் இரத்தப் பரிசோதனையையும் வாழ்நாள் முழுதும் கைவிடலாகாது.

மனித வால்வு கிடைப்பது கொடையைப் பொறுத்தது. நம் நாட்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் திசுக்களையும் அதன் வரம்பிற்குள் கொணர்ந்தது. இதயத் துடிப்பு நின்ற பின்னரும், சில மணி நேரத்திற்குள் வால்வுகளை எடுத்துத் திசு வங்கியில் பாதுகாக்கலாம். இச்செய்தி மக்களைச் சென்றடைய வேண்டும்.

அல்சூர்த் தொழிலாளி அறுவைக்குப் பின் வீடு திரும்புவதோடு பணி முடிவதில்லை. ஆண்டுதோறும் எதிரொலிப் பரிசோதனை, பற்களின் தூய்மை, காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடுதல் ஆகியவை தொடர வேண்டும். மறு அறுவைக்கான செலவையும் கணக்கில் கொண்டு வகுக்கப்படும் நலத்திட்டமே அவருக்கு முழுப் பயன் தரும்.