மீன்தொட்டிக்கு எந்த மணல் ஏற்றது? கழிவை அகற்றுவது எப்படி?

கோலார் தங்கவயல்: வீட்டு மீன்தொட்டியின் அடியில் பரப்பப்படும் மணலும் சரளைக்கல்லும் வெறும் அலங்காரம் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால், மீன்களின் கழிவு தீங்கற்ற பொருளாக மாறுமா, நஞ்சாகத் தேங்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த அடிப்பரப்புதான். கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் போன்ற சுரங்க நகரங்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை.

சுரங்க மணல் ஏன் கூடாது?

பாலகாட், சாம்பியன் ரீஃப், மைசூர் முதலிய சுரங்கங்களில் எடுக்கப்பட்ட தாது மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலின் மூலம் தங்கம் பிரிக்கப்பட்டது. எஞ்சிய மண் நகரைச் சுற்றி மேடுகளாகக் குவிக்கப்பட்டது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட பின்னரும், 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் அங்கேயே உள்ளது.

பார்வைக்கு இது மென்மையான மணல் போலத் தோன்றினாலும் மீன்தொட்டிக்கு உகந்ததன்று. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையக்கூடும்; உலோகங்கள் அவ்வாறு சிதைவதில்லை. தாதுவிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றும் நீரும் படும்போது அமிலத்தை உண்டாக்கி, உலோகங்களை நீரில் கரையச் செய்யும். எத்தனை முறை கழுவினாலும் இச்சிக்கல் தீராது. மேலும், மாவு போன்ற துகள்கள் இறுகிப் படிவதால் நீரோட்டம் தடைபடும். காற்றில் வரும் தூசி விழாதிருக்கத் தொட்டியை மூடி வைப்பதும் அவசியம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலான தொட்டிகளுக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள, முனை மழுங்கிய சரளைக்கல் ஏற்றது. 3 முதல் 5 சென்டிமீட்டர் உயரம் போதும். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் கொண்ட தொட்டிக்கு ஏறத்தாழ 11 கிலோ தேவைப்படும். கோரிடோரஸ் போன்று அடியில் மேயும் மீன்களுக்குக் கூரிய கல் மீசைகளைக் காயப்படுத்தும் என்பதால், மென்மணலே சிறந்தது. தங்கமீன்கள் கற்களை வாயில் எடுத்துத் துப்பும் இயல்புடையவை; தொண்டையில் சிக்கக்கூடிய அளவுள்ள கற்களை அவற்றுக்குத் தவிர்க்க வேண்டும்.

வாங்கிய கல்லின் மீது சில துளி வினிகரை விட்டுச் சோதிக்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உள்ளது. அது நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் ஏற்கெனவே கடினநீராகவே உள்ளது. இத்தகைய நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரத்தன்மை கூடும்போது அம்மோனியாவின் நச்சும் கூடும். எனவே பளிங்குத் துண்டுகள், சிப்பி, பவளக்கல் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கழிவு எங்கே போகிறது?

மீன்களின் செவுள்களிலிருந்தும், மீந்துபோன உணவு அழுகுவதாலும் அம்மோனியா உருவாகிறது. கற்களிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீன்களைக் கொல்லக்கூடியவை. மூன்றாவது, அளவோடு இருந்தால் பெரும்பாலும் தீங்கற்றது. புதிய தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே நிறைய மீன்களை விட்டால், சில நாட்களில் அவை இறப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வாராந்திரப் பராமரிப்பு

வாரந்தோறும் 20 முதல் 25 சதவீத நீரை மாற்ற வேண்டும். அப்போது சைஃபன் குழாயால் அடிப்பரப்பின் பாதியை மட்டும் சுத்தம் செய்து, மறுபாதியை அடுத்த வாரத்திற்கு விட வேண்டும். மொத்தக் கல்லையும் வெளியே எடுத்துக் கழுவினால் பாக்டீரியாக்களும் போய்விடும். வடிகட்டியின் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குழாய்நீரிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களை அழித்துவிடும். புதிதாக ஊற்றும் குழாய்நீரிலும் குளோரினை நீக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்.

மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால், அங்கு ஆக்சிஜன் இன்றி ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது என்று பொருள். மணற்பரப்பை 3 சென்டிமீட்டருக்குள் வைத்து அவ்வப்போது மெதுவாகக் கிளறிவிட்டால் இதனைத் தடுக்கலாம்.

வெளியேற்றும் நீர் நைட்ரேட் நிறைந்தது. உப்போ மருந்தோ கலக்காதபோது பூச்செடிகளுக்கு அது நல்ல உரம். ஆனால் தொட்டி நீரையோ வளர்க்க இயலாத மீன்களையோ ஏரி, குளங்களில் விடக்கூடாது. 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விற்கப்படும் தென் அமெரிக்க மீன் இவ்வாறுதான் இந்திய நீர்நிலைகளில் பெருகி, உள்நாட்டு மீன்களுக்கு அச்சுறுத்தலாகியுள்ளது.