வலியைப் பகிரும் ஆன்லைன் குழு: ஆறுதலா, ஆபத்தா?

நள்ளிரவு 2 மணி. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தை வீட்டில் சொல்ல முடியாத ஒருவர், போனில் ஒரு குழுவைத் திறக்கிறார். 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று யாரோ பதில் போடுகிறார். 'நான் மட்டும் இல்லை' என்ற அந்த ஆறுதல் உண்மையானது. டாக்டரிடம் போகும் தைரியமும் சிலருக்கு அங்கேதான் கிடைக்கிறது.

அப்போ ஆபத்து எங்கே?

காயப் படங்களும், 'யாருக்கு வலி அதிகம்' என்ற போட்டியும் புகுந்தால், அதே குழு பழக்கத்தை வளர்க்கும். ஒன்றைப் பார்த்தால் அல்காரிதம் அதேபோல் பத்தைக் காட்டும். பிரிட்டனில் 2017-ல் இறந்த 14 வயது மாலி ரஸ்ஸல் வழக்கில், அவர் பார்த்த ஆன்லைன் பதிவுகளுக்கும் மரணத்தில் பங்கு உண்டு என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார்.

நல்ல குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடரேட்டர் இருப்பார். காயப் படங்களுக்கு இடமிருக்காது. நிபுணரைப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு சின்ன டெஸ்ட்: குழுவை மூடிய பிறகு மனசு லேசாகிறதா, கனமாகிறதா? கனமானால் வெளியே வந்துவிடுங்கள்.

நண்பர் உங்களிடம் சொன்னால் திட்டாதீங்க, பொறுமையா கேளுங்க. 24 மணி நேர இலவச உதவிக்கு டெலி மானஸ்: 14416. தமிழிலேயே பேசலாம்.