கிருமிக்கும் கணக்கு வேண்டும்

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், புதிய மருந்து எப்போது வரும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேரின் சாவுக்கு இவை நேரடிக் காரணம் என்று 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. கவலை நியாயமானதே. ஆனால் மருத்துவமனைக்குள் நோயாளிகளுக்கு இந்தக் கிருமி தொற்றுவது பெரும்பாலும் சரியாகக் கழுவாத கைகளாலும், தேவை முடிந்த பின்னும் உடலிலிருந்து எடுக்காமல் விட்ட குழாய்களாலும்தான். அந்த வழியை அடைக்க, எத்தனை பேருக்குத் தொற்றியது என்று ஒவ்வொரு மருத்துவமனையும் எண்ணி ஊரறியச் சொல்ல வேண்டும்.

இதற்கு இங்கிலாந்து சான்று. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி ரத்தத்தில் கலந்தவர்களின் எண்ணிக்கையைத் தெரிவிப்பது 2001இல் அங்கே அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டாயமானது. 2003-04இல் அது சுமார் 7,700 என்று தெரியவந்ததும், அதைப் பாதியாக்க 2008 வரை அரசு கெடு வைத்தது. படுக்கைதோறும் சானிடைசர் வந்தது. 2012-13க்குள் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தக் கிருமி வகையே தானாகத் தேய்ந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு அதுவும் நடந்திருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எந்தத் தனிக் கிருமியையும் குறிவைக்கவில்லை. கைகழுவுதல், வேண்டாத குழாயை உடனே எடுத்தல் உள்ளிட்ட ஐந்து விதிகளை வகுத்து, தொற்று விகிதத்தை அந்தந்தப் பிரிவுக்கே அவ்வப்போது காட்டினார்கள். 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தக்குழாய் வழித் தொற்று 18 மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளியானது.

எண்ணிக்கையை வெளியிட்டால் பெயர் கெடும் என்பது இந்தியாவில் வலுவான தடை. இங்கே சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவரிடம் 2008இல் சுவீடனில் கண்டறிந்த, கிருமிக்கு ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் திறன் தரும் நொதிக்குப் புதுடெல்லியின் பெயரை வைத்தார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற கட்டுரை அதன் பரவலைக் காட்டியபோது, பரவலைவிடப் பெயரைப் பற்றித்தான் இங்கே அதிகம் சண்டை நடந்தது. ஒளிப்பதால் கிருமிக்கு நட்டமில்லை; அடுத்த படுக்கைக்காரருக்குத்தான் நட்டம். நேர்மையாகப் பரிசோதிக்கும் மருத்துவமனை மட்டும் மோசமாகத் தெரியும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. எனவே எல்லோருக்கும் ஒரே வரையறை, ஒரே பரிசோதனை விதி வேண்டும். ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எத்தனை தொற்று என்று கணக்கிட வேண்டும். கூட்டம் பிதுங்கும் அரசு மருத்துவமனைக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். நர்சுகள் போதவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அந்த மருத்துவமனை நிதி கேட்கும்போது கையில் வைத்திருக்க வேண்டிய ஆதாரமே இந்தக் கணக்குதான்.

2014 மார்ச்சில் அமலுக்கு வந்த எச்1 அட்டவணை, குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுத மருந்துக் கடைகளைக் கட்டாயப்படுத்துகிறது. மாத்திரைக்குக் கணக்குக் கேட்ட சட்டம், மருத்துவமனைக்குள் தொற்றிய கிருமிக்கும் கணக்குக் கேட்கட்டும். நாளை புதிய மருந்து வந்தாலும், அதன் ஆயுளைத் தீர்மானிக்கப்போவது அந்தக் கணக்குதான்.